கை நடுக்கத் திருத்தம்

1

இக்கதை எங்கிருந்து வந்தது என்பதனை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. இது குப்பைக்கூடையிலிருந்து வந்தது.

ஷிஞ்ஜுகுவில் ஓவியப் பொருள்கள் விற்கும் கடையொன்றின் மூன்றாம் மாடியில், பேனாத் தட்டுகளுக்கு முன்னால், வாங்குவோர் கிறுக்கிப் பார்ப்பதற்கென ஒரு தாள்கட்டு வைத்திருப்பார்கள். பெரும்பாலோர் அதில் சுருள் போடுவர். சிலர் தம் பெயரைப் பாதிவரை எழுதி வெட்கப்பட்டு நிறுத்துவர். அன்று மேல்தாளில் ஒரே வளைகோடு, மேலிருந்து கீழாக, தாள் நிறையத் திரும்பத் திரும்ப வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு கோடும் நடுங்கியிருந்தது. ஆனால் அது கற்றுக்குட்டியின் கோடன்று. எங்கே தடிக்கவேண்டும், எங்கே மெலியவேண்டும், எந்த வளைவில் மூச்சை நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் இயலவில்லை.

கடைப் பணியாளர் வந்தார், அத்தாளைக் கிழித்தார், கசக்கிக் கூடையில் இட்டார். வரைந்தவரை நான் பார்க்கவேயில்லை. ஆகவே அவரை உருவாக்கவேண்டியதாயிற்று.

2

கதைத் தொடக்கம் மூவகைப்படும்: இடத்தில் தொடங்குவது, ஆளில் தொடங்குவது, பொருளில் தொடங்குவது. மூன்றையும் முயன்றேன். வாசகர் பார்க்கட்டும் என்று மூன்றையும் விட்டுவைக்கிறேன்.

இடம்: நெரிமா வட்டாரத்தின் கூரைகள்மீது ஜூன் மாதத்து மழை, யாரோ மூட மறந்த குழாயைப் போல, 

[நிறுத்திவிட்டேன். மழையை வருணித்து முடிப்பதற்குள் அறைக்குள் இருப்பவளை மறந்துவிடுவேன் என்று தெரிந்தது.]

ஆள்: மினெகிஷி ரிட்சுகோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுடைய வலக்கை

[கையை இரண்டாம் வாக்கியத்தில் காட்டிவிட்டால் அதன்பின் வாசகர் வேறெதனையும் பார்க்கமாட்டார்.]

பொருள்: கணினித் திரையில் படம் வரையும் செயலியில், மேற்பட்டையின் ஓரத்தில், 'கை நடுக்கத் திருத்தம்' என்று எழுதிய ஒரு குமிழ் உண்டு. அதனைச் சுழியத்திலிருந்து நூறுவரை நகர்த்தலாம்.

இதனை வைத்துக்கொள்கிறேன். இதில் அழகு ஏதுமில்லை. ஆனால் இது பொய் சொல்லவில்லை.

3

அந்தக் குமிழைப் படம் வரைவோர் யாவரும் பத்திலோ பதினைந்திலோ வைத்திருப்பர். அதில் வெட்கம் இல்லை. கண்ணாடித் திரை வழுக்கும். தாளைப் போல் பேனாவைப் பிடித்துக்கொள்ளாது. கை சற்றே தடுமாறினால் செயலி அதனை நேர்செய்து, வரைபவர் எண்ணிய கோட்டைத் திரையில் இடும். ரிட்சுகோவும் தாளை விட்டுத் திரைக்கு மாறிய ஆண்டில் பத்தில்தான் வைத்தாள்.

மாறியதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை என்பதனை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். தாளில் படக்கதை வரைந்த காலத்தில், மைப்புட்டி கவிழ்ந்து முடித்த பக்கம் ஒன்று முழுவதும் நாசமாக, குளியலறைத் தரையில் அமர்ந்து அழுதவள் அவள். பிழையான கோட்டை ஒரு தட்டலில் இல்லாமலாக்கலாம் என்று கண்ட முதல் நாள், வேண்டுமென்றே பிழையாக வரைந்து வரைந்து அழித்துச் சிறுமியைப் போல் விளையாடினாள். மை, தாள், நிப்பு எல்லாவற்றையும் அலமாரியின் கீழ்த்தட்டுக்குத் தள்ளினாள். அவற்றின்மீது மடித்த கம்பளிகளை அடுக்கினாள்.

பிறகு பத்து இருபதாயிற்று. இருபது நாற்பதாயிற்று. ஒவ்வொரு முறையும் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் வேறு: திரை பழையதாகிவிட்டது, நாற்காலி உயரம் சரியில்லை, நேற்றுத் தூக்கமில்லை.

திருத்தம் கூடக்கூடக் கோடு தாமதிக்கும். கை முன்னே போய்விடும். கோடு, கயிற்றில் கட்டிய கிழட்டு நாயைப் போல, பின்னால் இழுபட்டு வரும். நூறில் வைத்தால், கை முகவாயை அடைந்தபோது கோடு இன்னும் கன்னத்தில்தான் இருக்கும். வரைபவர் பேனாவைத் தூக்காமல் காத்திருக்கவேண்டும்.

அவள் காத்திருப்பதைக் கண்டுகொண்டவள் தமாகி. எதிர்மேசையில் பத்தொன்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் உதவியாளர், ரிட்சுகோவைவிட ஒன்பது வயது இளையவள், அவளை 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்றே அழைப்பவள், நாவு கூர்மையானவள்.

"சென்செய், என்ன, பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"என்ன பஸ்ஸு?"

"கோட்டைச் சொல்றேன். நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்க. அது இன்னும் வரல."

ரிட்சுகோ சிரித்தாள். தமாகி சிரிக்கவில்லை. இருவரும் அதன்பின் அதனைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே மூன்று புத்தகங்கள் வரைந்து முடித்தார்கள்.

4

இவ்விடத்தில் நோயின் பெயரை எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன். பெயர் வந்த கணமே வாசகர் பரிதாபப்படத் தொடங்குகிறார். பரிதாபம் வந்தபின் பாத்திரம் என்ன செய்தாலும் சரியென்று ஆகிவிடுகிறது. ரிட்சுகோவுக்கு அந்தச் சலுகையைத் தர நான் விரும்பவில்லை. மருத்துவர் சொன்னதில் இவ்வளவு போதும்: உயிருக்கு ஆபத்தில்லை; குறையாது; கூடும்.

எனக்கு அவளிடம் ஓர் ஐயமும் உண்டு. உண்மையிலேயே அவள் இதனை எட்டாண்டு மறைத்திருக்க முடியுமா? முடியும் என்றே எண்ணுகிறேன்.* படம் வரைபவரின் கையை இப்போது யார் பார்க்கிறார்கள்? கோப்பு மின்னஞ்சலில் போகிறது. நன்றி மின்னஞ்சலில் வருகிறது. நானும் இக்கதையை முதலில் தாளில்தான் எழுதினேன். அதில் அடித்தல், திருத்தல், கோபத்தில் பேனா தாளைக் கிழித்த இடம் எல்லாம் இருந்தன. கணினியில் ஏற்றியபின் அவை எவையும் இல்லை. இப்பத்தி எத்தனை முறை தடுமாறியது என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாதிருப்பதற்காகவே இவ்வளவு நேராகக் கட்டியிருக்கிறேன்.

* தேநீர்க் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்திக் குடிப்பது அவ்வூரில் மரியாதை. விருந்தினர் முன் அவள் எப்போதும் மரியாதையாகவே குடித்தாள்.

5

இனி, நடந்தது. 

தீவொன்றில் தண்ணீர் சுமந்து விற்கும் பெண்ணைப் பற்றிய ரிட்சுகோவின் நெடும் படக்கதை குளிர்காலத்தில் முடிந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் சொல்லே இல்லை. அப்பெண்ணின் முகம் மட்டும், பக்கம் நிறைய. நெற்றியில் தொடங்கிக் கன்னத்தில் இறங்கி முகவாயில் திரும்பும் ஒரே கோடு. வாசகர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து அழுததாக எழுதினார்கள். மிகத் துணிந்த கை என்று எழுதினார்கள். அந்தக் கோடு வரையப்பட்டபோது குமிழ் நூறில் இருந்தது.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் பதிப்பாசிரியர் குசுமோதோ பயற்றுப் பலகாரப் பெட்டியுடன் வந்தார். முப்பத்தைந்து வயது, கெட்ட செய்தியை எப்போதும் நல்ல செய்தியின் குரலில் சொல்பவர்.

"சென்செய், கண்காட்சிக்கு இடம் கிடைச்சிடுச்சு! மூலப்படக் கண்காட்சி. ஒரே ஒரு சின்ன விஷயம். கடைசிச் சுவர் காலியா இருக்கு."

"ஏன் காலி?"

"பழைய புத்தகங்களுக்கெல்லாம் தாள் இருக்கு. நீங்க திரைக்கு மாறினதுக்கப்புறம் எல்லாமே கோப்புதானே? கோப்பைச் சட்டம் போட்டு எப்படி மாட்டறது?"

"அச்சடிச்சு மாட்டுங்க."

"அச்சடிச்சதைப் பார்க்க ஏன் வரப்போறாங்க, வீட்டுல புத்தகம் இருக்கே! அவங்களுக்கு வேண்டியது உங்க கை பட்டது. அந்தக் கடைசி முகம். அதை மட்டும் தாள்ல, மையில, ஒரு தடவை..."

ரிட்சுகோ கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி ஒரு மிடறு குடித்தாள்.

"அப்ப நகலைப் பார்த்து மூலத்தை வரையணும்ங்கறீங்க."

"அப்படிச் சொன்னா ஒரு மாதிரி இருக்கு, சென்செய். 'கையால் மீண்டும் வரைந்தது'ன்னு சொல்லுவோம்."

"அந்த 'மீண்டும்' பெயர்ப்பலகையில இருக்குமா?"

"இருக்கும். சின்ன எழுத்துல."

எதிர்மேசையிலிருந்து தமாகி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எவ்வளவு சின்னது, குசுமோதோ-சான்? பூதக்கண்ணாடியை நாங்க குடுத்து அனுப்பணுமா, இல்ல வர்றவங்களே கொண்டு வருவாங்களா?"

குசுமோதோ உரக்கச் சிரித்தார். வியாழக்கிழமை பிற்பகல் படத்தை எடுத்துக்கொள்ள ஆள் வரும் என்றார். ரிட்சுகோ "சரி" என்றாள். ஏன் சரியென்றாள்?

[அவள் மறுப்பதாக ஒருமுறை எழுதிப்பார்த்தேன். மறுத்தால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் அது கண்காட்சியின் விளம்பரத்தில் வரும். 'நடுங்கும் கையின் கடைசிக் கோடுகள்.' குசுமோதோ கெட்டவர் அல்லர். ஆனாலும் வரும். அவள் அதனை அறிவாள்.]

6

அவர் போனபின், கம்பளிகளுக்கு அடியிலிருந்து மையும் நிப்பும் வெளிவந்தன. அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையைத் தமாகி துடைத்து வைத்தாள். அச்சடித்த முகத்தை அதன்மேல் வைத்து, மேலே தடித்த தாளைப் பரப்பினால், முகம் தாளினூடே தெரியும். அதன்மேல் நிப்பை ஓட்டவேண்டியதுதான்.

முதல் தாளில் கோடு புருவத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் தாளில் கன்னத்தில் நிப்பு குத்தி மை சிதறியது. ரிட்சுகோவின் இடக்கை, அவள் அறியாமலே, தாளின் ஓரத்தை இரு விரல்களால் தட்டியது. திரையில் அப்படித் தட்டினால் கடைசிக் கோடு மறைந்துவிடும். தாளில் எதுவும் மறையவில்லை. விரல்கள் மறுபடியும் தட்டின.

தமாகி அதனைப் பார்த்தாள்; எழுந்து போய்ப் பார்லித் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்; தேநீரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரையறேன்."

"எதை?"

"முகத்தை."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். படக்கதைக் கூடத்தில் உதவியாளர்கள் எல்லாவற்றையும் வரைவர்: கூரை, அலை, மின்கம்பி, கூட்டம், துணியின் மடிப்பு. முகம் மட்டும் சென்செயுடையது. இதனை யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறுவதுமில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் தமாகியின் பேனா ஒருமுறைகூடக் கழுத்துக்கு மேலே ஏறியதில்லை.

"இத்தனை வருஷத்துல இதைக் கேக்க உனக்கு இப்பத்தான் தோணிச்சா?"

"நான் கேக்கல, சென்செய். சொல்றேன்."

"என் கோடு உனக்கு வராது."

"வராதா?" தமாகி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உங்க கோடு வராம இருக்கறதுக்குத்தான் நான் கஷ்டப்பட்டேன். நானும் சொந்தமா நாலு கதை வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போனேன்ல? போன இடத்துல எல்லாம் ஒரே பேச்சு. 'நல்லாயிருக்கு, ஆனா மினெகிஷி சென்செய் மாதிரியே இருக்கே.' அஞ்சாவதை நான் வரையவே இல்ல."

"நீ எங்கிட்ட இதைச் சொன்னதே இல்லையே."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? கோட்டை மாத்திக்கிட்டிருப்பீங்களா?"

ரிட்சுகோ நிப்பைத் துடைத்து வைத்தாள். பிறகு, "பேரு?" என்றாள்.

"உங்க பேருதான். என் பேரைப் போட்டா அதை யாரு மாட்டுவா? என் அம்மாகூட மாட்டமாட்டா, சமையலறையில இடமில்லம்பா."

[தமாகி ஏன் இதனைச் செய்ய முன்வந்தாள் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதினேன்: அன்பு, பொறாமை, சோர்வு. மூன்றும் சரியாக இருந்தன. ஆகவே மூன்றையும் எடுத்துவிட்டேன். அவள் கிண்ணத்தைக் கொடுக்க மறந்தாள் என்பதனை மட்டும் விட்டுவைத்தேன்.]

7

கதை இவ்விடத்துக்கு வந்தபோது என்னிடம் முடிவுகள் மிகுதியாக இருந்தன. 

ஒரு முடிவில் ரிட்சுகோ தன் நடுங்கிய படத்தையே அனுப்புகிறாள். மக்கள் அதன் முன் நின்று கண்கலங்குகிறார்கள். நடுக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது என்கிறார்கள். எழுதி முடித்ததும் எனக்கு உடல் கூசியது. பதின்மூன்று வயதிலிருந்து அவள் பயின்றது உறுதியான கோட்டை. அது போனதற்காகப் பாராட்டப்படுவது பரிசு அன்று.

மற்றொன்றில் தமாகியின் படம் போகிறது. மதிப்புரையாளர் ஒருவர், 'எந்த இயந்திரத்தாலும் தரவியலாத, மினெகிஷியின் கைக்கே உரிய கோடு' என்று எழுதுகிறார். இது மிகவும் நன்றாகப் பொருந்துகிறது. இவ்வளவு நன்றாகப் பொருந்தும் முடிவு என் குமிழ் எங்கே நிற்கிறது என்பதனைக் காட்டிக்கொடுக்கிறது.

ரிட்சுகோ இரண்டு படங்களையும் கிழித்துவிட்டு மழையில் இறங்கி நடக்கும் முடிவும் உண்டு. அவள் அவ்வாறு செய்பவள் அல்லள். குடையில்லாமல் அவள் தபால்பெட்டிவரைகூடப் போனதில்லை.

8

வியாழன் முற்பகல் முழுவதும் இருவரும் வரைந்தார்கள். தமாகியும் ஒரு கண்ணாடிப் பலகை கொண்டுவந்திருந்தாள். எதிரெதிர் மேசைகளில், ஒரே முகத்தின் இரண்டு அச்சுகளின்மேல், இரண்டு தாள்கள். யாரும் 'சரி, செய்' என்று சொல்லவில்லை. யாரும் 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. 

ரிட்சுகோ மணிக்கட்டின் கீழே மடித்த துண்டை வைத்தாள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே கோட்டை இழுத்தாள். அது உடைந்தது, உடைந்த இடத்திலிருந்தே தொடர்ந்தாள். இம்முறை தாளை மாற்றவில்லை. நெற்றி, கன்னம், முகவாய். பிறகு கண்கள். பிறகு உதடு. முடித்துப் பேனாவைக் கீழே வைத்தபோது முதுகு வேர்த்திருந்தது. 

அவள் விளக்கை அணைத்துத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். 

அது வேறொரு பெண். 

அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. கண்ணும் மூக்கும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் கோட்டின் நடுக்கம் கன்னத்தைத் தளர்த்திவிட்டது. உதட்டில் அச்சத்தை வைத்துவிட்டது. தண்ணீர் சுமந்த அந்தப் பெண் பதினோரு புத்தகங்களில் எதற்கும் அஞ்சாதவள். இவளோ யாரோ கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருக்கும் கிழவி. ரிட்சுகோவுக்கு அவளைத் தெரியும். காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். ஆனால் இந்தக் கதையில் அவளுக்கு இடமில்லை.

"முடிச்சிட்டீங்களா?" என்றாள் தமாகி.

"ம். நீ?"

"அப்பவே முடிச்சிட்டேன். உங்களுக்காகத்தான் முடியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்."

தமாகி தன் தாளைக் கொண்டுவந்து ரிட்சுகோவுடையதன் வலப்புறத்தில் வைத்தாள். அங்கே அவள் இருந்தாள், அந்தப் பெண், அஞ்சாதவள். நெற்றியிலிருந்து முகவாய்வரை ஒரே இழுப்பு. ரிட்சுகோ குனிந்து பிழை தேடினாள். கண் இமையில் தேடினாள். காதோரத்தில் தேடினாள். உதட்டின் கோடியில், தான் எப்போதும் நிப்பைச் சற்றுத் திருப்பும் இடத்தில் தேடினாள். அங்கேயும் திருப்பியிருந்தது. இருபத்தைந்து வயதில், கை தன் பேச்சைக் கேட்ட நாட்களில், அவள் வரைந்திருக்கக்கூடிய கோடு அது.

"ஏதாவது தப்பு இருக்கா, சென்செய்?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. ஏன், இருக்கணும்னு நெனச்சியா?"

 தமாகி தன் தாளின் இரு விளிம்புகளையும், தேவையில்லாமல், விரலால் நேராக்கினாள்.

"முகம் வரையறது எப்படி இருந்துச்சு?" என்றாள் ரிட்சுகோ.

"மத்ததெல்லாம் வரையற மாதிரியேதான் இருந்துச்சு," என்றாள் தமாகி. சற்றுப் பொறுத்து, "அதுதான் கஷ்டமா இருந்துச்சு," என்றாள்.

அப்போது வாசல் மணி அடித்தது. 

மூலப்படத்தில் கையொப்பம் இடுவதற்குப் பதிலாக ரிட்சுகோ முத்திரை குத்துவாள்: கட்டைவிரல் அளவு கல், அடியில் அவள் பெயர். சிவப்பு மைக் குழைவில் தோய்த்துத் தாளின் வலக்கோடியில் அழுத்தவேண்டும். இரு கைகளாலும் அழுத்தலாம். கல் நடுங்குவதில்லை. தமாகி சிவப்பு மைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, இரு தாள்களுக்கும் நடுவில் வைத்தாள். உறை தயாராக இருந்தது. அதில் ஒரு தாள்தான் நுழையும்.

வாசகரே, இதுவரை ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் உங்களுக்காக நேர்செய்து தந்தேன். இனி என்னால் இயலாது. இடப்புறத்துத் தாளில், வரைந்தவளுடைய கை உண்மை, பெண் உண்மையில்லை. வலப்புறத்துத் தாளைப் பற்றி, இதே வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு 

[வேண்டாம். அது அவ்வளவு எளிதாகத் திரும்பாது. வலப்புறத்துத் தாளிலும் ஒரு கை இருந்தது.]

முத்திரையை உங்கள் கையில் தருகிறேன். குளிர்ச்சியாக இருக்கும்; எண்ணியதைவிடக் கனமாகவும் இருக்கும். எந்தத் தாளில் அழுத்தினாலும் அத்தாளே கடைசிச் சுவரில் மினெகிஷி ரிட்சுகோவின் பெயரில் தொங்கும். மற்றது அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போகும். எதனைத் தேர்ந்தீர்கள் என்று என்னிடம் சொல்லவேண்டாம்.

மணி இரண்டாம் முறை அடித்தது.

"இதோ வந்துட்டேன்!" என்று ரிட்சுகோ வாசலை நோக்கிக் குரல் கொடுத்தாள். ஆனால் எழவில்லை. தமாகி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், நீங்கள் செய்வதைப் பார்க்காமல் இருப்பதற்காக.